எல்லைக் கோட்டருகே ஒரு நிழற்படக்காரர்



செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் இரு வகைப் படங்கள் இடம்பெறுவதைக் காண்கிறோம். ஒன்று, உலகறிந்த ஆட்டக்காரர்களின் படம். அதனை எடுத்து அனுப்புவதற்குப் பெரிய செய்தி நிறுவனங்கள் இருக்கின்றன. ஊதியம் பெறும் வல்லுநர்கள் இருக்கின்றனர். விலையுயர்ந்த கருவிகளும் இருக்கின்றன. மற்றொன்று, ஊர்க்குழு ஒன்றின் படம். வாரம் முழுவதும் தச்சு வேலையோ கடை வேலையோ ஆசிரியப் பணியோ செய்துவிட்டு, ஓய்வு நாளில் சேற்றில் இறங்கிப் பந்தை உதைக்கும் ஒரு சாதாரண மனிதரின் முகம் அதில் தெரியும். முதல் வகைப் படத்தைக் கோடிக்கணக்கானோர் ஒரு கணம் பார்த்துவிட்டு மறந்துவிடுகின்றனர். இரண்டாம் வகைப் படத்தை ஒரு குடும்பம் கத்தரித்து எடுத்து, விவிலியத்தின் இடையிலோ அலமாரியின் அடியிலோ ஐம்பது ஆண்டுகள் பாதுகாத்து வைக்கிறது.

இந்த இரண்டாம் வகைப் படம் எவ்வாறு செய்தித்தாளைச் சென்றடைகிறது? அதை எடுப்பவர் யார்? அவருக்குக் கிடைப்பது என்ன? அவர் அதை இலவசமாகத் தந்தால் நன்மை அடைபவர் யார், இழப்பவர் யார்? விளையாட்டை விரும்புவோர் கூடப் பெரும்பாலும் எண்ணிப் பார்க்காத கேள்விகள் இவை. எளியோரின் புகழ், உழைப்பின் மதிப்பு, சிறுவர்களின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் இக்கேள்விகளுக்குள் அடங்கியுள்ளமையால், இத்திங்கள் இதனைச் சிறிது ஆராய விழைகிறோம்.

இதற்கு இங்கிலாந்து நாட்டையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். கால்பந்தாட்டத்திற்கு விதி வகுக்கப்பட்ட நாடு அது. ஊர்க்குழுவும் உள்ளூர்ச் செய்தித்தாளும் கைகோத்து வளர்ந்த வரலாறும், பின்னர் அந்தக் கை நெகிழ்ந்த வரலாறும் அங்கே தெளிவாகத் தெரிகின்றன. அவ்வரலாற்றிலிருந்து நம் ஊர்த் திடல்கள் கற்கத்தக்கவை எவை என்பதை இறுதியில் காண்போம்.

பந்தும் அச்சும் ஒருங்கே வளர்ந்த கதை

உலகின் மிகப் பழைய கால்பந்துக் குழு எனப் போற்றப்படுவது, 1857-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஷெஃபீல்டு குழு. அது இன்றும் பெருஞ்செல்வக் குழுக்களின் வரிசையில் இல்லாமல், கீழ்நிலை லீகில் ஆடிக்கொண்டிருக்கிறது என்பது சிந்திக்கத்தக்கது. 1863-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் இலண்டனில் கால்பந்துச் சங்கம் நிறுவப்பட்டது. 1885-ஆம் ஆண்டில்தான் பணம் பெற்று ஆடுவது முறையானது என ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பின்னர், பணம் பெறாமல் ஆடுவோருக்கென ‘அமெச்சூர் கோப்பை’ என்னும் தனிப்போட்டி 1893-94 பருவத்தில் தொடங்கியது. அமெச்சூர் என்னும் சொல்லுக்கு அன்பினால் செய்பவர் என்பதே வேர்ப்பொருள். அந்த அன்பு எத்துணை மக்களைக் கவர்ந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1951-ஆம் ஆண்டில் வெம்பிளி திடலில் பெகசஸ் குழுவும் பிஷப் ஆக்லாந்து குழுவும் மோதிய அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டத்தைக் காண ஒரு இலட்சம் பேர் கூடினர். 1974-ஆம் ஆண்டில் இருவகை ஆட்டக்காரர் என்னும் பாகுபாடே நீக்கப்பட்டு, அக்கோப்பையும் முடிவுற்றது. எனினும், பெரிய லீகுகளுக்கு வெளியே ஆயிரக்கணக்கான ஊர்க்குழுக்கள் இன்றும் ஆடி வருகின்றன. இலண்டனின் கிழக்கே ஹாக்னி மார்ஷஸ் என்னும் தாழ்நிலத்தில், இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சால் இடிந்த வீடுகளின் கற்குவியலைப் பரப்பிச் சமன் செய்த நிலத்தில், ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட திடல்கள் அருகருகே இருந்தன. ஞாயிறு காலையில் அங்கே ஒரே நேரத்தில் எத்தனை நடுவர்கள் ஊதல் ஒலித்திருப்பர் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

செய்தித்தாளில் நிழற்படம் இடம்பெறுவதும் ஏறத்தாழ இதே காலத்தில் வளர்ந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை, ஓவியர் வரைந்து செதுக்கிய படங்களே அச்சேறின. படத்தைச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் பிளாக் முறை பரவிய பின்னரே, கேமராவில் கண்டதை அப்படியே தாளில் காட்ட முடிந்தது. 1904-ஆம் ஆண்டில் ‘டெய்லி மிரர்’ படங்களுக்கே முதலிடம் தரும் நாளேடாக மாறியது. ஊர்தோறும் இருந்த ஏடுகளும் அவ்வழியைப் பின்பற்றத் தொடங்கின.

அக்காலத்தவருள் ஆல்பர்ட் வில்க்ஸ் என்பவரை இங்கே குறிப்பிட வேண்டும். ஆஸ்டன் வில்லா குழுவிலும் இங்கிலாந்து நாட்டு அணியிலும் ஆடிய அவர், ஆட்டக் காலத்திற்குப் பின் நிழற்படத் தொழிலை மேற்கொண்டு, கால்பந்துக் குழுக்களையும் ஆட்டக்காரர்களையும் படமெடுத்தார். பந்து எங்கே வரும் என்பதைக் காலால் அறிந்த ஒருவர், அதனைக் கண்ணாடி வில்லை வழியாகவும் அறிந்திருந்தார் என்பது வியப்பன்று. ஊர் ஆட்டங்களைச் சிறப்பாகப் படமெடுப்போருள் பலர், தாமே ஆடியவர்களாகவோ ஆடுபவரின் தந்தையாகவோ இருப்பதை இன்றும் காண்கிறோம்.

சனிக்கிழமை மாலைக்கென்றே தனி விளையாட்டு ஏடுகள் அந்நாட்டு நகரங்களில் வெளிவந்தன. இளஞ்சிவப்புத் தாளிலோ பச்சைத் தாளிலோ அச்சிடப்பட்டமையால், நிறத்தின் பெயராலேயே மக்கள் அவற்றை அழைத்தனர். ஆட்டம் முடிந்து இரசிகர்கள் வீடு சேருமுன்னரே, முடிவுகள் அச்சாகித் தெருவில் விற்பனைக்கு வந்துவிடும். இத்தகைய அவசரத்தில் படமெடுப்பவர் முழு ஆட்டத்தையும் காண இயலாது. தொடக்கத்தில் சில தட்டுகளை எடுத்துக்கொண்டு இருட்டறைக்கு ஓடுவார். ஆகவே, கடைசி நிமிடத்தில் வெற்றிக் கோல் அடித்தவரை விட்டுவிட்டு, முதல் பத்து நிமிடத்தில் ஓடியவரின் படமே ஏட்டில் வரும். ஷெஃபீல்டில் 1907-ஆம் ஆண்டில் பிறந்த பச்சைத்தாள் ஏடு 2013-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. கைப்பேசியில் முடிவு உடனுக்குடன் தெரியும் காலத்தில், மாலை ஏட்டுக்குக் காத்திருப்போர் இல்லாமற்போயினர்.

டிசம்பர் மாதத்து மூன்று மணி

ஊர் ஆட்டத்தைப் படமெடுப்பது எளிதென்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது பெரிய ஆட்டத்தைப் படமெடுப்பதைவிடக் கடினமானது.

இங்கிலாந்தில் சனிக்கிழமை ஆட்டம் வழக்கமாகப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும். டிசம்பர் மாதத்தில் அங்கே கதிரவன் நான்கு மணிக்கு முன்னரே மறைந்துவிடும். அதாவது, ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுவதும் இருளில் நிகழும். பெரிய திடல்களில் பகலைப் போன்ற மின்விளக்கு உண்டு. ஊர்க்குழுவின் திடலிலோ நான்கு கம்பங்களில் மங்கிய விளக்குகளே எரியும். ஒளி குறைந்தால் கேமராவின் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். நெடுநேரம் திறந்திருந்தால் ஓடுபவரின் உருவம் கலங்கிவிடும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பந்து ஒரு நொடிக்கு 20 மீட்டர் கடக்கிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஷட்டர் திறந்திருந்தால், பந்து இரண்டு சென்டிமீட்டர் மட்டுமே நகர்ந்திருக்கும். படத்தில் அது பந்தாகவே தெரியும். நூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் இருபது சென்டிமீட்டர் நகர்ந்து, பந்து வெறும் வெள்ளைக் கோடாகிவிடும். இந்தச் சிறு கணக்கே விளையாட்டு நிழற்படத்தின் அடிப்படை. அனுபவமுள்ளவர் முதற்பாதியின் பகலொளியிலேயே தமக்கு வேண்டிய படங்களை எடுத்துவிட முயல்வார்.

அடுத்தது, நிற்கும் இடம். கோல் கம்பத்திற்குச் சற்றுத் தள்ளி, கடைக்கோட்டின் பின்னே தாழ்வாக அமர்ந்தால், தம்மை நோக்கி ஓடிவரும் ஆட்டக்காரரின் முகம் தெரியும். பக்கவாட்டுக் கோட்டில் நின்றால் பெரும்பாலும் முதுகும் தோளுமே கிடைக்கும். எந்தக் குழுவின் ஊர் ஏட்டிற்குப் படம் போகிறதோ, அந்தக் குழு தாக்கி வரும் கோலின் அருகே அமர வேண்டும் என்பது எழுதப்படாத விதி. முகம், பந்து, எதிர்த்து நிற்கும் ஒருவர் ஆகிய மூன்றும் ஒரே படத்தில் அமைந்தால், ஏட்டாசிரியர் அதனைத் தேர்ந்தெடுப்பார். பின்புறத்தில் நிறுத்திவைத்த கார்களும் குப்பைத் தொட்டியும் தெரியாதபடி இடத்தைத் தேர்வதும் படமெடுப்பவரின் பொறுப்பே.

உயர்நிலை லீகுகளில் படமெடுக்க முறையான உரிமம் வேண்டும். ஊர்க்குழுக்களிலோ, முன்கூட்டியே குழுச் செயலாளரிடம் இசைவு பெற்று, ஆட்டத்திற்கு முன் நடுவரிடம் ஒரு சொல் கூறிவிட்டால் போதுமானது. அந்த ஒரு சொல்லில் மரியாதையும் இருக்கிறது. பின்னாளைய தகராறுகளுக்குத் தடுப்பும் இருக்கிறது.

பெயரில்லாப் படம் ஊமைப் படம்

உள்ளூர் ஏடுகளின் அலுவலகத்தில் வந்து குவியும் படங்களுள் பல, நன்றாக எடுக்கப்பட்டிருந்தும் ஒதுக்கப்படுகின்றன. காரணம், படத்தின் கீழ் எழுத விவரம் இல்லை. ‘சனிக்கிழமை ஆட்டம்’ என்று மட்டும் எழுதி எண்பது படங்களை அனுப்பினால், எந்த உதவி ஆசிரியருக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்க நேரமிருக்கும்?

ஆட்டக்காரரின் பெயர், எதிர்க்குழுவின் பெயர், போட்டியின் பெயர், ஆட்டம் நிகழ்ந்த திடல், நாள், முடிவு ஆகியவை படத்துடன் செல்ல வேண்டும். பலர் இருந்தால் ‘இடமிருந்து வலமாக’ எனத் தொடங்கி ஒவ்வொருவராகக் குறிக்க வேண்டும். ஊர்க்குழுக்களில் இதற்கொரு சிக்கல் உண்டு. சட்டை போதாமையால் ஒருவரின் எண்ணை மற்றொருவர் அணிந்திருப்பார். கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தவரின் பெயர் பட்டியலிலேயே இராது. எனவே ஆட்டம் முடிந்தவுடன் குழு மேலாளரிடம் படங்களைக் காட்டிப் பெயர்களைச் சரிபார்ப்பது இன்றியமையாதது. பெயரின் எழுத்துக்களையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையே செய்தித்தாளில் வரலாம். அன்று அவர் பெயர் பிழையாக அச்சானால், மகிழ்ச்சியில் பாதி கெட்டுவிடுகிறது. கோல் அடித்தவருக்குப் பதில் அவருடைய தம்பியின் பெயர் வந்துவிட்டால், ஊரில் அது ஓராண்டுக்குப் பேச்சாகிவிடும்!

இக்காலத்தில் இவ்விவரங்களைப் படக் கோப்பின் உள்ளேயே பதிக்க வழியுண்டு. 1965-ஆம் ஆண்டில் இலண்டனில் நிறுவப்பட்ட ஐ.பி.டி.சி. என்னும் பன்னாட்டு அச்சுச் செய்தித்தொடர்பு மன்றம் இதற்கான பொதுமுறையை வகுத்துள்ளது. எடுத்தவர் பெயரும் படவிளக்கமும் அதில் எழுதப்பட்டால், கோப்பு எங்குச் சென்றாலும் அவையும் உடன் செல்லும். ஆயினும், கைப்பேசிச் செயலிகள் வழியே அனுப்பினால் படத்தின் தரம் குறைவதுடன், இவ்விவரங்களும் அழிந்துவிடுவது உண்டு. மின்னஞ்சலில் மூலக் கோப்பாக அனுப்புவதே நன்று. இருபது சென்டிமீட்டர் அகலத்தில் தெளிவாக அச்சிட, படத்தின் அகலம் ஏறத்தாழ 2400 படப்புள்ளிகள் இருத்தல் வேண்டும்.

உண்மையைப் பற்றியும் ஒரு சொல். பழங்காலத்தில் சில ஏட்டு அலுவலகங்களில், படத்தில் பந்து அகப்படாவிடில் தூரிகையால் பந்து ஒன்றை வரைந்து சேர்ப்பது வழக்கமாக இருந்தது. பார்ப்பவர் நகைத்துவிட்டுப் போயிருக்கலாம். இன்று கணிப்பொறியில் அதே செயலை எவரும் கண்டுபிடிக்க முடியாதவாறு செய்யலாம். பிரிட்டனின் செய்தித்தாள் ஆசிரியர்களுக்கான நெறிமுறை, தவறான செய்தியை மட்டுமன்றித் திரித்த படத்தையும் வெளியிடலாகாது என்கிறது. ஒளியைச் சற்றுக் கூட்டலாம், ஓரத்தை வெட்டலாம். இல்லாத பந்தை இருப்பதாகக் காட்டுவது பொய்யே. அது அழகிய பொய் என்பதனால் மெய்யாகிவிடாது.

இலவசப் படத்தின் விலை

இனி, கட்டுரையின் முதன்மையான பகுதிக்கு வருகிறோம்.

முன்னாளில் உள்ளூர் ஏடு ஒவ்வொன்றும் ஊதியம் பெறும் நிழற்படக்காரர் ஒருவரையோ சிலரையோ வைத்திருந்தது. பள்ளி விழா, மலர்க் கண்காட்சி, தீ விபத்து, கால்பந்தாட்டம் ஆகிய அனைத்துக்கும் அவரே செல்வார். பின்னர் விளம்பர வருவாய் இணையத்திற்குப் பெயர்ந்தது, ஏடுகள் மெலிந்தன. 2019-ஆம் ஆண்டில் பிரான்சஸ் கேர்ன்கிராஸ் அம்மையார் பிரிட்டிஷ் அரசுக்கு அளித்த அறிக்கை, அந்நாட்டின் அச்சு ஏடுகளில் முழுநேரச் செய்தியாளர் எண்ணிக்கை 2007-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 23,000 ஆக இருந்து, பத்தாண்டுகளில் 17,000 ஆகக் குறைந்தது என்று கூறியது. அமெரிக்காவில் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ நாளேடு 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் முழுநேர நிழற்படக்காரர் 28 பேரையும் ஒரே நாளில் பணிநீக்கம் செய்தது. இங்கிலாந்தின் உள்ளூர் ஏடுகளிலும் நிழற்படப் பிரிவுகள் சுருங்கின. வெற்றிடமான பக்கத்தை நிரப்பியவை, ஆர்வலர்கள் இலவசமாக அனுப்பிய படங்கள்.

இதில் மூவருக்கும் ஏதோ ஒரு நன்மை இருப்பதாகத் தோன்றுகிறது. ஏட்டிற்குச் செலவின்றிப் படம் கிடைக்கிறது. குழுவிற்கு விளம்பரம் கிடைக்கிறது. அடுத்த ஆட்டத்திற்கு நாற்பது பேர் கூடுதலாக வரலாம், சட்டைக்குப் பணம் தர ஒரு கடைக்காரர் முன்வரலாம். படமெடுத்தவருக்குத் தம் பெயரை அச்சில் காணும் மகிழ்ச்சி கிடைக்கிறது. ஆனால் இக்கணக்கில் எழுதப்படாத நான்காம் மனிதர் ஒருவர் உண்டு. இத்தொழிலை நம்பிக் குடும்பம் நடத்தியவரே அவர். அவருடைய மாத ஊதியமே இந்த இலவசத்தின் விலை.

அப்படியாயின், அன்பினால் படமெடுப்பவர் தம் படத்தைத் தரவே கூடாதா? அவ்வாறு நாம் கூறவில்லை. இங்கே ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். ஏடு எந்நாளும் ஆளனுப்பாத ஆட்டங்கள் பல உண்டு. ஞாயிறு லீகின் பதினோராம் பிரிவு ஆட்டத்திற்கு அக்காலத்திலும் எந்த அலுவலரும் சென்றதில்லை. அங்கே ஒருவர் தம் விருப்பத்தால் சென்று எடுத்த படத்தைக் கொடுப்பதால் யாருடைய உணவும் பறிபோகவில்லை. இல்லாதிருந்த ஒரு நன்மை புதிதாகச் சேர்கிறது. ஆனால், ஏட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்து, ‘இன்ன நாளில் இன்ன திடலுக்குச் செல்லுங்கள், இன்ன குழுவின் படம் இத்தனை மணிக்குள் எமக்கு வேண்டும்’ என்று கேட்டால், அது வேலை. வேலைக்கு ஊதியம் உரியது. நாமே சென்று எடுத்து மனமுவந்து தருவது கொடை. பிறர் ஏவ நாம் செய்வது பணி. கொடையின் பெயரால் பணியை வாங்கிக்கொள்வது நீதியாகாது. அதற்கு உடன்படுவதும் அருகிலிருக்கும் உழைப்பாளிக்குச் செய்யும் தீங்கே.

கொடையாகத் தருவதற்கும் சில வரையறைகள் வேண்டும். பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஊழியராக இல்லாத ஒருவர் எடுத்த படத்தின் உரிமை எடுத்தவருக்கே சொந்தம். அதனை முழுமையாக மாற்றிக்கொடுக்க வேண்டுமாயின் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். ஆனால் பலரும் அறியாத ஒரு செய்தி அச்சட்டத்தில் உண்டு. ‘இதன் படைப்பாளி நான்’ என்று அறியப்படும் உரிமை, செய்தித்தாளில் வெளியிடுவதற்காகத் தரப்பட்ட படங்களுக்குப் பொருந்தாது. அதாவது, படத்தின் கீழே பெயர் போடாவிட்டாலும் சட்டப்படி ஏட்டைக் கேட்க முடியாது. ஆகவே பெயர் வேண்டுமாயின், படத்தை அனுப்பும்போதே அதனை நிபந்தனையாக எழுதிவிட வேண்டும். ‘இந்த இதழில் ஒருமுறை வெளியிட மட்டும் இசைவு, எடுத்தவர் பெயர் இன்னது, வேறு ஏடுகளுக்குத் தருவதாயின் முன்கூட்டிக் கேட்க வேண்டும்’ என மூன்று வரி எழுதினால் போதும். இது பேராசை அன்று. தன் உழைப்பைத் தானே மதிக்கும் செயல். நிறுவனங்கள் பலவும் இத்தகைய வரிகளைக் கண்டு சினம் கொள்வதில்லை. முறையறிந்தவர் என்றே எண்ணுகின்றன.

சிறுவரின் படமும் தோற்றவரின் படமும்

பெரியோரின் ஆட்டத்தைவிடச் சிறுவரின் ஆட்டமே பெற்றோருக்கு இனிது. ஆனால் அங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். பிள்ளையின் முகம், முழுப்பெயர், பள்ளியின் பெயர், ஒவ்வொரு வாரமும் அவன் எங்கே இருப்பான் என்னும் விவரம் ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் அச்சானால், தீய எண்ணமுடையோர் கையில் அது வழிகாட்டியாகிவிடும். பெற்றோரின் பிரிவாலோ குடும்பத்தில் நிகழ்ந்த வன்முறையாலோ, இருப்பிடம் மறைத்து வாழும் பிள்ளைகளும் உண்டு. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் வழிகாட்டுதல்கள், சிறுவரைப் படமெடுக்கவும் வெளியிடவும் பெற்றோரின் இசைவைக் கேட்கின்றன. படத்துடன் முழுப்பெயரை இணைப்பதில் எச்சரிக்கை வேண்டுமென்கின்றன. ‘நம் ஊர் நல்ல ஊர், இங்கே இதெல்லாம் எதற்கு?’ என்று கூறுவோர் எல்லா நாட்டிலும் இருக்கின்றனர். பாதுகாப்பு என்பது தீமை நிகழ்ந்த பின் செய்வதன்று, நிகழாதிருக்கச் செய்வது.

பெரியோரின் ஆட்டத்திலும் அறம் ஒன்றுண்டு. தொழில்முறை வீரர் தவறினால் அதனைப் படம் பிடித்துக் காட்டுவது அவருடைய தொழிலின் ஒரு பகுதியாகக் கருதப்படுகிறது. ஊர்க்குழுவின் கோல்காப்பாளரோ திங்களன்று காலையில் மளிகைக் கடையில் நின்று நமக்குச் சர்க்கரை நிறுத்துத் தருபவர். அவருடைய கைகளுக்கிடையே பந்து நழுவிய கணத்தைக் கேலியாக ஊரெங்கும் பரப்புவதில் என்ன பெருமை இருக்கிறது? கால் முறிந்து கதறுபவரின் முகத்தையும் அவ்வாறே தவிர்த்தல் நன்று. தோற்ற குழுவிலும் நன்றாக ஆடியவர் ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் படமெடுப்பவர் மிகப் பெரிய நன்மையைச் செய்கிறார்.

ஏட்டில் பதிந்தது வரலாறாகிறது

இச்சிறு படங்களால் பின்னாளில் ஆகும் பயன் யாது? வரலாறு இதற்கு விடை தருகிறது.

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரஸ்டன் நகரின் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பெண்கள் ‘டிக், கெர் மகளிர்’ என்னும் கால்பந்துக் குழுவை அமைத்தனர். 1920-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் திடலில் அவர்கள் ஆடியதைக் காண ஏறத்தாழ 53,000 பேர் கூடினர். மறு ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் கால்பந்துச் சங்கம், இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறி, தன் உறுப்புக் குழுக்களின் திடல்களை அவர்களுக்குத் தரக்கூடாதெனத் தடை விதித்தது. அத்தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. திடல் மறுக்கப்பட்டது, ஆனால் ஏடுகளில் வெளிவந்த படங்களை எவரும் அழிக்க முடியவில்லை. பெண்கள் அன்றே ஆடினர், திறமையாக ஆடினர், மக்கள் திரண்டு வந்து கண்டனர் என்பதற்கு அப்படங்கள் இன்று சான்று பகர்கின்றன.

நெதர்லாந்து நாட்டு நிழற்படக் கலைஞர் ஹான்ஸ் வான் டெர் மேர், ஐரோப்பா முழுவதும் மிகக் கீழ்நிலை லீக் ஆட்டங்களைத் தேடிச் சென்று படமெடுத்து, 2006-ஆம் ஆண்டில் ‘ஐரோப்பியத் திடல்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். ஆட்டக்காரரின் முகத்தை நெருங்கிக் காட்டாமல், சற்று உயரத்தில் நின்று, திடலையும் அதனைச் சூழ்ந்த வீடுகள், குன்றுகள், தொழிற்சாலைகள் ஆகியவற்றையும் சேர்த்தே காட்டினார் அவர். ஆட்டம் ஓர் ஊரின் வாழ்வோடு எவ்வாறு ஒன்றியிருக்கிறது என்பதை அப்படங்கள் கூறுகின்றன. ஊர் ஆட்டத்திற்குச் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் பின்வாங்கி நின்று, முழுத் திடலையும் ஒரு படம் எடுத்து வைப்பது நலம். முப்பது ஆண்டுகளுக்குப் பின், அங்கே வீடுகள் எழுந்துவிட்ட பிறகு, அந்தப் படத்தின் அருமை தெரியும்.

நம் ஊர்த் திடல்களுக்கு

தமிழ்நாட்டிலும் கால்பந்தாட்டம் மூச்சாக விளங்கும் ஊர்கள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் தூத்தூர் தொடங்கி நீரோடி வரையுள்ள மீனவ ஊர்களில் சிறுவர்கள் மணலில் பந்துடனேயே வளர்கின்றனர். இந்தியன் சூப்பர் லீகில் ஆடிய மைக்கேல் சூசைராஜ், அப்பகுதியின் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர். கோடைக் காலத்தில் பல ஊர்களில் மின்னொளிப் போட்டிகள் நிகழ்கின்றன. மறுநாள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் வரும் படம் எது? பரிசளிப்பு விழாப் படம். முன்வரிசையில் சிறப்பு விருந்தினர்களும் நன்கொடையாளர்களும் நிற்பர்; நடுவே கோப்பை பளபளக்கும்; வென்ற குழுவினர் பின்னால் எட்டிப் பார்ப்பர். கீழே விருந்தினர் அனைவரின் பெயரும் பட்டத்துடன் அச்சாகியிருக்கும். கோல் அடித்தவனின் பெயர் மட்டும் இராது.

இதனை மாற்றுவது கடினமன்று. போட்டியை நடத்தும் இளைஞர் குழு, படமெடுக்கும் ஆர்வமுள்ள ஒருவரை முன்கூட்டியே ஏற்படுத்திக்கொள்ளலாம். இரு குழுக்களின் பெயர்ப்பட்டியலையும் ஆட்டத்திற்கு முன்னரே அவரிடம் தரலாம். பகுதி நிருபரிடம், பரிசளிப்புப் படத்துடன் ஆட்டக் காட்சி ஒன்றையும், பெயர்களுடனும் முடிவுடனும் அன்றிரவே சேர்ப்பிக்கலாம். பரிசளிப்புப் படத்திலும் ஆட்டக்காரர்களை முன்னே நிறுத்தி, பங்குத்தந்தையும் விருந்தினரும் ஓரத்தில் நின்றால் போதும். ஊருக்கு எங்கள் முகம் புதிதன்று.

படமெடுக்க ஸ்டுடியோக்காரரை அழைத்தால், பேசிய கூலியைக் குறைக்காமல் தர வேண்டும். ‘பங்குக் காரியம்தானே’ என்று கூறி இரவு முழுவதும் நிற்க வைப்பது முறையன்று. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுப்பித்த படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லையெனில், எடுப்பித்தவருக்கே உரியது. ஆயினும், ‘இதனைப் படைத்தவன் நான்’ என்று கோரும் சிறப்புரிமையை அதே சட்டம் படைத்தவருக்கு அளிக்கிறது. எனவே அவருடைய பெயரையும் நிருபரிடம் எழுதிக்கொடுத்தல் நம் கடமை. ஆர்வத்தால் எடுத்துத் தரும் நம் பிள்ளைகளின் பெயரையும் அவ்வாறே எழுதிக்கொடுக்க வேண்டும். சிறுவர் போட்டிகளாயின், பெயர்ப்பதிவுத் தாளிலேயே பெற்றோரின் இசைவுக்கென ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டு இறுதியில், சிறந்த இருபது படங்களைப் பெயர்களுடன் அச்சிட்டு ஒரு தொகுப்பேட்டில் ஒட்டிப் பங்கு அலுவலகத்தில் வைத்தால், அதுவே ஊரின் வரலாறாகும். கைப்பேசிகள் பழுதாகும், கோப்புகள் தொலையும், பெயர் எழுதிய தாள் நிலைக்கும்.

புகழ் என்பது பெரியோருக்கு மட்டும் உரிய சொத்தன்று. ஓராண்டு முழுவதும் மாலைதோறும் ஓடிப் பயின்ற இளைஞனுக்கு, தன் பெயர் பிழையின்றி அச்சாகியிருப்பதைக் காணும் ஒரு காலைப் பொழுது உரியது. அக்காலைப் பொழுதை அவனுக்கு அளிப்பவர், எல்லைக் கோட்டருகே மண்டியிட்டு அமர்ந்திருக்கும் நிழற்படக்காரர். வருகின்ற கோடையில் உங்கள் ஊர்த் திடலில் அவரைக் கண்டால், ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள். அவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.